பலிபீடச் சுவரில் வாழை

திருப்புலிவனம் தாண்டி இருக்கும் காலனியில் தேவாலயத்தைப் புதுப்பித்தார்கள். பலிபீடத்துக்குப் பின்னால் இருந்த வெற்றுச் சுவரில் ஏதேன் தோட்டத்தை வரைய வேண்டும் என்று சபையில் பேசி, உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருக்கும் ஷாரோனைக் கேட்டார்கள். கோடை லீவு. அவளும் ஒப்புக்கொண்டாள்.

சபை மூப்பர் ஏசுதாஸ் ஒரு காலண்டர் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆப்பிள் மரம், புல்வெளி, பின்னால் பனிமலை. ஷாரோன் அதை வாங்கி ஜன்னலோரம் வைத்துவிட்டாள். பள்ளிக்குப் பஸ்ஸில் போகும் காலை வேளைகளில், வாழைத்தோப்புக்குப் பின்னாலிருந்து வெயில் ஏறுவதை அவள் பார்த்துக்கொண்டே போவாள். முன்னால் வெளிச்சம் பட்ட இலை நீலம் கலந்து வெளுத்திருக்கும். பின்னாலிருந்து வெயில் ஊடுருவிய இலையோ பச்சையே இல்லை, மஞ்சள். அந்த மஞ்சளை ஒரு பெரிய சுவரில் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

முதலில் மஞ்சளை அடித்தாள். காய்ந்ததும் பச்சையை நீர்க்கக் கரைத்து அதன்மேல் இழுத்தாள். வாழை, அதன் காலடியில் சேப்பங்கிழங்குச் செடி, ஓரமாகப் பப்பாளி. ஆராதனை நேரத்தில் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் எப்படி விழுமோ, படத்திலும் அப்படியே விழுந்தது.

ஏசுதாஸ் வந்து பார்த்தார்.

"ஏதேன்ல வாயமரமாம்மா?"

"வேதத்துல ஆப்பிள்னு எங்கயும் இல்லீங்க ஐயா. கனின்னுதான் இருக்குது."

அவர் வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். "காலண்டர்ல போட்டுக்கிறானே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலைக் கூட்டுவதற்காகச் செல்லாயி வந்தாள். வாரம் முழுக்கப் பக்கத்துத் தோப்புகளில் கூலி வேலை செய்பவள். துடைப்பத்தோடு சுவரின் முன் வெகுநேரம் நின்றாள். ஷாரோன் பாராட்டுக்காகக் காத்திருந்தாள்.

"நல்லாத்தான் கீது டீச்சர். ஆனா எனுக்கு வாணாம்."

"ஏன்க்கா?"

"ஆறு நாளும் இதுக்குள்ளதான் குனிஞ்சிக்கினு கீறேன். கன்னு வெட்றது, களை எடுக்கறது. உள்ள காத்தே வராது. துணியில கறை பட்டா சாவற வரைக்கும் போவாது. ஒரு நாளு குந்திக்கினு கர்த்தர நெனைக்கலாம்னு வந்தா, இங்கயும் அதே தோப்பு. எந்த வரிசையில வேலய வுட்டேன்னு கண்ணு தேடுது."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கூட்டத் தொடங்கினாள்.

ஷாரோனுக்குச் சுருக்கென்றது. பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். மரங்கள் வரிசை பிசகாமல் நின்றன. நடுவே வாய்க்கால் நேராக ஓடியது. பஸ்ஸிலிருந்து பார்த்ததை அப்படியே வரைந்திருந்தாள். எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிட்டுப் பனிமலையே போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்த மஞ்சளை விட மனம் வரவில்லை.

திங்கட்கிழமை வரிசைகளைக் கலைத்தாள். வாய்க்காலைப் புல்லும் கொடியும் மூடின. குலை பாரத்தில் ஒரு வாழை சாய்ந்தது. அதைச் சுற்றிக் கன்றுகள் நெருக்கியடித்தன. வாழைகளுக்கு நடுவே ஒரு பப்பாளி தானாக முளைத்தது. வரிசை போனதும் வெளிச்சம் நேராக இறங்க வழியில்லாமல் போயிற்று. அங்கங்கே துண்டு துண்டாகத்தான் விழ முடிந்தது. அவள் ஆசையாக வரைந்த இலைகள் பலவற்றை நிழலுக்குள் தள்ள வேண்டியிருந்தது. அவற்றின் மேல் கரும்பச்சையைப் பூசும்போது கை தயங்கியது. இருந்தும் பூசினாள்.

அடுத்த சனிக்கிழமை செல்லாயி வந்து பார்த்தாள்.

"இன்னா டீச்சர், கன்னெல்லாம் அப்பிடியே வுட்டுக்கிற? தாய்மரம் படுத்துடும்."

"படுக்கட்டும்க்கா."

"களை இப்பிடி மண்டிக்கினு கீதே. ஆரு எடுக்கறது?"

"யாரும் எடுக்க வேணாம். இது ஏதேன்."

செல்லாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கிட்டே போய், சாய்ந்த மரத்தடியில் தரையில் கிடந்த ஒரு துண்டு வெயிலை விரலால் தொட்டாள்.

"இங்க படுத்தா நல்லா தூக்கம் வரும்," என்றாள்.

மறுநாள் ஆராதனையில் எல்லோரும் எழுந்து பாடும்போது செல்லாயி மட்டும் பாயில் உட்கார்ந்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசுதாஸ் திரும்பிப் பார்த்தார், எழுந்திருக்கச் சொல்லவில்லை. பின்வரிசையில் நின்ற ஷாரோனின் கண்ணில் ஓர் இலையில் மஞ்சள் தூக்கலாக இருப்பது பட்டது. திருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.