வாளி கத்தணும்

பாத்திரம் கழுவுற தொட்டிக்குக் கீழ குழாய் ஒழுகுது. அதுக்கடியில ஒரு வாளி. வாளி வழிஞ்சா தண்ணி நேரா கீழ் வீட்டுக்காரர் கட்டில்ல சொட்டும். ஒரு தடவை சொட்டியும் ஆச்சு. வீட்டுக்காரம்மா வாசல்லயே நின்னு, "இன்னொரு தடவை நடந்துச்சுன்னா, பெட்டியைக் கட்டுங்க"ன்னுட்டுப் போயிட்டாங்க. குழாய் ரிப்பேர்காரர் அடுத்த வாரம்தான் வருவாராம்.

அக்காவுக்கும் சின்னவளுக்கும் ராத்திரி வேலை, பகல்லதான் தூக்கம். குழாய்ல தண்ணி வர்றதும் பகல்லதான். வாளிக்கு யார் காவல்?

"நிரம்பினா அதுவே கத்தணும்"னு சின்னவ கிளம்பிட்டா. பேட்டரி, பஸ்ஸர், ரெண்டு டிரான்சிஸ்டர் வாங்கினா. கடைக்காரர் ஒரு ரெசிஸ்டரையும் போட்டுக் குடுத்தார். கரன்ட்டைக் குறைக்கத்தானே செய்யும், நமக்கெதுக்குன்னு அதை ஓரமா வச்சுட்டா.

போன்ல அம்மா, "டிரான்சிஸ்டரா வாங்கின? பாட்டு நல்லா கேக்குதா?"

"ரேடியோ இல்லம்மா, அதுக்குள்ள இருக்கிறது. பட்டாணி சைஸ், மூணு காலு."

வாளி விளிம்புல ரெண்டு ஒயர். தண்ணி ரெண்டையும் தொட்டா பஸ்ஸர் அலறணும். சோதிச்சுப் பாக்கலாம்னு ஒயர் ரெண்டையும் ஒட்ட வச்சா. 'கீ'ன்னுச்சு, அடங்கிடுச்சு. டிரான்சிஸ்டர் விரலைச் சுட்டுச்சு.

"போச்சா?" போர்வைக்குள்ளருந்து அக்கா. "பேசாம நானே வாளிக்குள்ள உக்காந்துக்கிறேன்டி. கழுத்துக்கு வந்தா கத்துறேன்."

சின்னவ சிரிக்கல. கையில இன்னும் ஒரு டிரான்சிஸ்டர்தான் இருக்கு. எதை எதோட சேக்கணும்னு போன்ல இருந்த படத்தைத் திரும்பத் திரும்பப் பாத்தா. சட்டுனு அம்மாவை ஸ்பீக்கர்ல கூப்பிட்டா.

"அம்மா, நீ கண்ணைக் காட்டினா போதும், அப்பா எழுந்து மூட்டையைத் தூக்குவார்ல? நடுக்கால் நீ. மத்த ரெண்டு காலும் அப்பா. உனக்குக் கொஞ்சம் கரன்ட் வந்தா, பஸ்ஸருக்கு வேண்டியது மொத்தமும் அப்பா வழியா ஓடும்."

"அப்புறம் ஏன் பொசுங்குச்சு?"

"தண்ணின்னா கரன்ட்டைக் கொஞ்சமாத்தான் விடும். நான் ஒயரை நேரா ஒட்டிட்டேன். நீ வீடே அதிர கத்தின மாதிரி ஆயிடுச்சு."

"அதுக்குத்தான்டி உங்கத்தை. நான் கத்த ஆரம்பிச்சாலே கையைப் பிடிச்சு இழுத்துருவா."

"அதேதாம்மா, ரெசிஸ்டர்!"

ஓரமா கிடந்த ரெசிஸ்டரை எடுத்து ரெண்டாவது டிரான்சிஸ்டரோட நடுக்கால்ல சேத்தா. மறுபடி ஒயரை ஒட்டினா. பஸ்ஸர் அலறுச்சு, விட்டதும் நின்னுச்சு. டிரான்சிஸ்டரைத் தொட்டுப் பாத்தா, சில்லுன்னு இருந்துச்சு.

மத்தியானம் நல்ல தூக்கத்துல அறையே 'கீ'ன்னு கிழிஞ்சுது. ரெண்டு பேரும் ஓடினாங்க. தண்ணி விளிம்பைத் தொட்டுக்கிட்டு நிக்குது. தரை காஞ்சு கிடக்கு.

அக்கா வாளியைக் கொட்டிட்டு வந்து திரும்ப வச்சா. சின்னவ ஒயரைத் துடைச்சு மாட்டிட்டு அங்கயே நின்னா.

"நின்னது போதும், வந்து படு"ன்னா அக்கா. "அத்தை பாத்துப்பா."