சென்ட் வேறு, அத்தர் வேறு

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாமியார் வந்து சேர்ந்தது. கோயம்புத்தூரிலிருந்து மருமகன் வாங்கி அனுப்பியது. முழங்கால் உயரம், வெள்ளை நிறம், காற்றைச் சுத்தம் செய்கிற மெஷின். அதன் நெற்றியில் ஒரு சின்ன விளக்கு. அறையில் காற்று நன்றாக இருந்தால் பச்சை, கெட்டால் சிவப்பு. நான் உள்ளே காலெடுத்து வைத்தால் அது சிவந்துவிடும். என் சொந்த மாமியார் மௌத்தாகிப் பத்து வருஷம் ஆகிறது. அந்த மனுசி ஒரு நாள்கூட என்னைப் பார்த்து அப்படி முகம் சிவந்ததில்லை.

நான் அக்பர் அலி. திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. பதனிட்ட ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் பிரிக்கிறவன். தோல் ஷாப்பு என்றால் வாடை இருக்கும் என்று ஊருக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது. மீன் விற்கிறவனுக்கு மீன் வாடை தெரியுமா?

கலியாணமான புதிதில் பெண் வீட்டு விருந்தில் ஒரு கொழுந்தியாள் கேலி செய்தாள். மாப்பிள்ளை தெருமுனையில் வரும்போதே அடுப்பங்கரைக்குத் தகவல் வந்துவிடுகிறது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி அஜீஸுன்னிசா மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே ஒரு குப்பி அத்தர் வாங்கினேன். அன்றிலிருந்து ஷாப்பில் ஒரு குளியல், வீட்டுக்கு வந்து ஒரு குளியல், பிறகு மணிக்கட்டில் இரண்டு தேய்ப்பு, காது மடலில் ஒரு பஞ்சு. முப்பத்தொரு வருஷம் ஒரு நாள் தவறவில்லை. எனக்கு அத்தர் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தலை வலிக்கும். ஆனால் கட்டியவள் மூக்கைப் பொத்துவதைவிடத் தலைவலி மேல்.

இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டுக்கு பெயின்ட் அடித்தோம். அதிலிருந்து அவளுக்கு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. பினாயில் வாடை பட்டால் கண்ணில் தண்ணீர், கொசுவர்த்தி வைத்தால் மூச்சு இழுக்கும். கடையில் புதுத்துணியைப் பிரித்தால்கூட இருமல். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். பெயின்ட், பினாயில், சென்ட், பவுடர், ஊதுபத்தி எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். வீட்டில் யாராவது கெமிக்கல் புழங்குகிற வேலை செய்கிறார்களா என்றும் கேட்டார். தோல் ஷாப்பு என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அந்த நிமிஷமே குற்றவாளி யார் என்று எங்களுக்குத் தெரிந்துபோயிற்று.

எங்கள் மகள் ஹுஸ்னா கோயம்புத்தூரிலிருந்து வந்து வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தாள். பவுடர் டப்பா, சாம்பிராணி, வாசனை சோப்பு எல்லாம் தெருவுக்குப் போயின. அத்தரை யாரும் தொடவில்லை. சென்ட் வேறு, அத்தர் வேறு. சென்ட்டில் ஸ்பிரிட் இருக்கும். அத்தர் பூவிலிருந்து எடுத்தது, தொழுகைக்குப் பூசிக்கொண்டு போவது. அதில் என்ன கெடுதல் இருக்க முடியும்? எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஹுஸ்னாவுக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிறகு மெஷின் வந்தது. நான் போனால் சிவப்பு. உடனே அவளுக்கு இருமல். நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் ஒரு தடவை குளித்தேன், இன்னும் நாலு சொட்டு அத்தர் கூடப் போட்டேன். மெஷின் இன்னும் சிவந்தது. தோல் ரத்தத்திலேயே ஊறிவிட்டது, இனி எந்தத் தண்ணீரிலும் போகாது என்று முடிவு செய்து, பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டேன்.

ஏழு மாதம். ஒரே வீட்டில் நடுவில் ஒரு கதவு. இந்தப் பக்கம் நின்று சாப்டியா என்று கேட்பேன். சாப்டேன், நீங்க என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும். பெருநாளன்றுகூட வாசற்படியில் நின்றுதான் முகம் பார்த்தேன். அறுபது வயதில் இது எனக்கு அழுகை வரவைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

வைகாசி வெயிலில் அவளுக்கு இழுப்பு அதிகமானது. ஹுஸ்னா காரோடு வந்து, அம்மா இனி எங்களோடே இருக்கட்டும் அத்தா என்றாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். விட்டால் மட்டும் வாடை போய்விடுமா என்று அவள் கேட்கவில்லை. ஆனால் மெஷினைப் பார்த்தாள். அஜீஸுன்னிசா பையோடு காரில் ஏறும்போது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எதுவும் வைக்கவில்லை, முட்டை மட்டும் இருக்கிறது என்றாள். அவ்வளவுதான் பேசினாள். ஹுஸ்னா வீட்டில் இன்னொரு மெஷின் இருந்ததால் மாமியார் என்னோடே தங்கிவிட்டது.

போய்ப் பத்து நாளில் அவளுக்கு நன்றாக மூச்சு வருகிறது என்று ஹுஸ்னா போனில் சொன்னாள். சந்தோஷம் என்றேன். சந்தோஷமாகவா இருந்தது? நான் இல்லாத இடத்தில் அவள் பிழைத்துக்கொண்டாள் என்பதுதானே அதற்கு அர்த்தம்.

அன்று சாயங்காலம் ஷாப்பிலிருந்து வந்தவன் குளிக்கவில்லை. யாருக்காகக் குளிக்க, யாருக்காக அத்தர் போட? அழுக்குச் சட்டையோடு நேரே அவள் அறைக்குப் போய் அவள் கட்டிலில் படுத்தேன். மெஷினைப் போட்டுவிட்டேன், சிவக்கட்டும், யாருக்கு நஷ்டம் என்று. அது பச்சையாகவே இருந்தது. கால் மணி நேரம் பார்த்தேன். எழுந்து அதன் பக்கத்தில் போய்ச் சட்டையைக் கழற்றி முகத்துக்கு நேரே உதறினேன். ஒரு தடவை மஞ்சளுக்குப் போய், உடனே பச்சைக்கு வந்துவிட்டது. மெஷின் கெட்டுப்போயிற்று என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அத்தர் தேய்த்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தொப்பி எடுக்க அந்த அறைக்குள் போனேன். மெஷின் குபீரென்று சிவந்து, காற்றை உறிஞ்சிக்கொண்டு ஊளையிட ஆரம்பித்தது. பஞ்சை எடுத்து முற்றத்தில் எறிந்தேன். கையை மூன்று தடவை கழுவினேன். திரும்பி வந்தபோது அது மெல்ல மெல்லப் பச்சைக்குப் போயிற்று. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். முப்பத்தொரு வருஷமாகப் பாவத்தை நானே காசு கொடுத்து வாங்கிக் காதில் வைத்திருக்கிறேன்.

தொழுதுவிட்டு வந்ததும் அவளுக்குப் போன் போட்டேன்.

"அஜீஸு, தோல் இல்ல. அத்தர்தான் உனக்கு ஆகல."

அவள் சட்டென்று சொன்னாள்.

"தெரியுங்க."

கலியாணமான மறுவாரமே தெரியுமாம். அப்போதெல்லாம் இரண்டு தும்மலோடு போய்விடுமாம், இப்போதுதான் நெஞ்சுவரை வருகிறதாம். தோலும் சேர்ந்துதான் இப்படி ஆக்குகிறதோ என்று அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்ததாம். எனக்குக் கோபம் வந்தது. ஏழு மாதமாக முன்னறையில் கிடந்தேனே, அப்போதாவது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"நாள் பூரா அந்த நாத்தத்துல நிக்கிற மனுசன். உங்களுக்குன்னு ஆசைப்பட்டு வச்சுக்கிறது அது ஒண்ணுதான். அதையும் வேணாங்கணுமா?"

எனக்கு அத்தரே பிடிக்காது, தலை வலிக்கும், எல்லாம் உனக்காகத்தான் என்றேன். அங்கே ஹுஸ்னா வீட்டு குக்கர் விசில் அடிப்பது கேட்டது. அவள் மூச்சும் கேட்டது, இழுப்பில்லாத நல்ல மூச்சு.

"அப்ப உங்க மேல என்ன வாசம் வரும்னே எனக்குத் தெரியாதுங்களே," என்று சொல்லி அழ ஆரம்பித்தாள்.

எனக்கும் தெரியாது.

அழுது முடித்தபின் நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க என்றாள். மறுபடி மூச்சு முட்டினால் என்ன செய்வது என்றேன். முட்டினா அப்பப் பாத்துக்கலாம் என்றாள்.

"குளிச்சுக்கிளிச்சு வராதீங்க. ஷாப்புல இருந்து நேரா வாங்க."

அப்படியே செய்தேன். சனிக்கிழமை வேலை முடிந்ததும் அதே சட்டையோடு பஸ் ஏறிவிட்டேன். ஒட்டன்சத்திரத்தில் ஒருவர் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு தடவை மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏனுங்க, தோல் ஷாப்புங்களா?"

ஆமாம் என்றேன். அவர் மரியாதையாக எழுந்து முன்சீட்டுக்குப் போனார். பழனி தாண்டியதும் புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தேன். காற்று சட்டைக்குள் புகுந்தது. உடனே இழுத்து மூடிவிட்டேன். கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை வாடை குறையக் கூடாது.