சாலமனின் ரத்தம்

ராயபுரத்தில் பி.பி. வரவே முடியாத ஒரே ரத்தம் சாலமனுடையது. இதைச் சொன்னவரும் சாலமன்தான். ஆனால் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவர் சொன்னால், யார் அண்ணாந்து பார்த்து மறுக்கப்போகிறார்கள்?

மனைவி ஜானட்டுக்கு பி.பி. இருந்தது. மாத்திரை போட்டாள், சனிக்கிழமைகளில் சர்ச் ஹாலில் யோகா வகுப்புக்கும் போனாள். வீட்டில் முருங்கைக்கீரைச் சாறு, உப்பு குறைத்த குழம்பு. விடியற்காலையில் பாயில் உட்கார்ந்து ஒரு மூக்கை அடைத்து மறு மூக்கால் மூச்சு விடுவாள்.

"ஆண்டவரு ரெண்டு ஓட்டை குட்த்துகீறாரு. நீ இன்னாம்மே ஒண்ணுத்துக்குப் பூட்டு போட்டுகினு கீற?" என்பார் சாலமன்.

"யோவ், பூட்டறதுனா உன் வாயத்தான் பூட்டணும்."

துறைமுகத்துக்குள் நடந்த அந்த வருட மெடிக்கலில் சாலமனுக்கு நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். பதினைந்து நாளில் குறையாவிட்டால் கிரேனை விட்டு இறங்க வேண்டும். பிறகு கீழே நின்று, மேலே இருக்கும் எவனுக்கோ கை காட்டும் வேலை.

சாலமன் யோசித்தார். கிரேன் கூண்டின் வெயில்தான் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, உடம்பைக் குளிரவைத்தால் தீர்ந்தது. மாத்திரை அலமாரியிலேயே இருந்தது. தினமும் மூன்று சொம்பு மோர். உப்பில்லாத மோரை மனிதன் குடிப்பானா? கூடவே பழைய சோறு, அதற்குக் கருவாடு, நார்த்தங்காய் ஊறுகாய். ஜானட் சட்டியைப் பிடுங்கிப் பார்த்தாள். "குளிர்ச்சிம்மே" என்று திரும்ப வாங்கிக்கொண்டார்.

பதினாறாம் நாள் நூற்றெண்பத்தைந்து.

டாக்டர் பட்டையை அவிழ்த்த பிறகும் சாலமனின் கை யாருடையதோ போல மேசைமேல் கிடந்தது.

"மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல சார்."

"இன்னிக்கே ஆரம்பிங்க. வெளிய அமைதியா உட்காருங்க. அரை மணி கழிச்சு இன்னொரு தடவை பாத்துட்டு எழுதிடறேன்."

வெளியே பெஞ்சில் இன்னொரு கிரேன்காரர் அத்தாவுல்லா தன் முறைக்காகக் காத்திருந்தார்.

"இன்னா மாமு, எவ்ளோ?"

"இன்னும் முடியல."

"உனுக்கு இன்னா, ஊர்லயே பி.பி. வராத ரத்தமாச்சே!"

சாலமன் சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

கப்பலிலிருந்து நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்தது. காற்று திரும்பி கரித்தூள் வந்ததும் பெஞ்சில் இருந்த எல்லோரும் கைக்குட்டையால் மூக்கை மூடினார்கள். காற்று நின்றதும் எடுத்து உதறி மடித்தார்கள். சாலமன் மட்டும் எடுக்கவில்லை. கைக்குட்டைக்குள் கட்டைவிரல் வலது மூக்கை அடைத்திருந்தது. இடது மூக்கால் இழுத்தார். எத்தனை எண்ண வேண்டும் என்று ஜானட்டிடம் கேட்டதே இல்லை. எதிரே கிரேனின் கொக்கி வெறுமனே இறங்கிக்கொண்டிருந்தது. விரலை மாற்றி, அது இறங்கும் வேகத்துக்கு மூச்சை விட்டார்.