நாற்றம் நின்ற பிறகு

சீருடைக் கால்சட்டை இடது காலில் ஏறிவிட்டது. வலது பாதத்தில் சிக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் போட்ட கட்டு அத்தனை பருமன்.

"பேன்ட் வேணாம் அண்ணி, போர்வைய இழுத்து மூடிடலாம்" என்றார் கண்டக்டர். இறந்தவர் ஓட்டிய பஸ்ஸிலேயே காலம் தள்ளியவர்.

"போட்டுத்தான் அனுப்புவேன்" என்றாள் அவள். கணவனின் காலை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் கொழுந்தனாரின் குரல் கேட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் அதே பாட்டு.

"சுகர் உடம்புங்க. புண்ணுன்னா சுத்தம் வேணும்ல? வீட்டுல சுத்தமா பாத்துக்கல. நான் மாத்திரைதான் குடுக்க முடியும்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். கொதிநீரில் துணி அலசி அலசி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. நரம்பில்லாத நாக்குதானே, எப்படி வேண்டுமானாலும் புரளும்.

செருப்பைத் துளைத்து ஆணி ஏறியதுகூடக் கணவருக்குத் தெரியவில்லை. சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருந்தது. நாள் முழுக்க அந்தக் காலாலேயே பிரேக் மிதித்திருக்கிறார். புண் நாறத் தொடங்கியபோது, "அண்ணே, வண்டிக்குள்ள எலி செத்துக் கிடக்கு" என்று கண்டக்டர் கேலி செய்தார். எலி எங்கே என்று தெரிந்ததும் கேலி நின்றது. வலியைவிட நாற்றம்தான் மனுஷனைத் தின்றது. பின்கட்டு அறையில் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

கொழுந்தனாருக்குத் தெருமுக்கில் மருந்துக்கடை. தெருவே அவரை 'அரை டாக்டர்' என்றுதான் கூப்பிடும். கடைக்குப் போனால் கல்லாவில் இருந்தபடியே, "வாடை எப்படி இருக்கு?" என்று கேட்பார். மாத்திரை அட்டையை நீட்டுவார். வீட்டுக்கு வந்து அண்ணன் காலை ஒரு தடவை திருப்பிப் பார்த்ததில்லை.

சில நாளில் நாற்றம் நின்றது. வீடே கொண்டாடியது. அவர் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். புண்ணின் வாயும் மேலே மூடிக்கொண்டது. ஆனால் சாயங்காலமானால் காய்ச்சல். அவள் கடைக்கு ஓடினாள்.

"தம்பி, பெரிய ஆஸ்பத்திரியில சீழ் எடுத்து டெஸ்ட் பண்ணச் சொல்லலாமா?"

"நாத்தம் போச்சு, வாய் மூடிடுச்சு, இன்னும் என்ன டெஸ்ட்? எம்மேல நம்பிக்கை இல்லையா அண்ணி?"

கணவரும் தம்பி பக்கம்தான் பேசினார். "அரை டாக்டர் சொன்னா முழுசா கேக்கணும்டி" என்று சிரித்தார். அடுத்த வாரம் நினைவு தப்பியது.

ஆஸ்பத்திரியில் புண்ணைக் கீறித் திறந்த டாக்டரம்மா அவளையும் கொழுந்தனாரையும் நிற்கவைத்துத்தான் சொன்னாள். "உள்ள ஒரு கிருமி இல்ல, பல வகை ஒண்ணா சேந்து இருந்திருக்கு. ஒண்ணுக்கு ஒண்ணு துணை. உங்க மாத்திரை நாறுற வகையத்தான் கொன்னுது. நாறாதது உள்ளுக்குள்ள எலும்பு வரைக்கும் போயிடுச்சு. யாரு குடுத்த மாத்திரை?"

கொழுந்தனார் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். நேற்று அது. இன்று சுத்தம் பற்றிப் பாடம் நடத்துகிறார்.

"பாவம், பொம்பளைக்கு விவரம் பத்தல" என்று வாசலில் யாரோ சொன்னது கேட்டது. அவள் மடியிலிருந்த காலை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"தம்பி, உள்ள வாங்க."

"என்ன அண்ணி?"

"பேன்ட் ஏறல. கட்டைப் பிரிச்சுச் சின்னதா கட்டணும்."

"அதுக்கு நர்ஸ் யாரையாவது..."

"தெருவே உங்களத்தான டாக்டருங்குது. வாங்க."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் வாசலில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அத்தனை கண்களும் பார்க்கும்போது அவரால் மறுக்க முடியவில்லை. வந்து குந்தினார். கண்டக்டர் பழைய செய்தித்தாளை விரித்தார்.

கட்டு சுற்றுச் சுற்றாகப் பிரிந்தது. பாதம் வெளியே வந்தது. நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. விரலிடுக்கில் ஒரு பொட்டு அழுக்கில்லை. அவர் பார்த்தார். பார்க்கட்டும் என்றுதான் அவளும் நின்றாள்.

நடுப்பாதத்தில் கீறல் வாய் பிளந்திருந்தது. உள்ளே திணித்திருந்த துணிநாடாவின் நுனி வெளியே தெரிந்தது. பிடித்து இழுத்தார். வந்தது. ஒரு விரல் நீளத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி இழுத்தார், மறுபடி வந்தது. எட்டிப் பார்த்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வெளியே மயான வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"போதும்ல அண்ணி?" அவர் நிமிராமலே கேட்டார்.

"இன்னும் இருக்கு. இழுங்க."

அவர் இழுத்தார். ஈரத் துணி செய்தித்தாளின் மேல் சுருண்டு சுருண்டு விழுந்துகொண்டிருந்தது.