பதினேழாவது குழியில் தயிர்சாதம்

ஒரு பிரெஞ்சுக்காரனுடைய கோல்ஃப் வாழ்க்கையையே தன் வீட்டுத் தயிர்சாதம்தான் தூக்கி நிறுத்தியது என்று கோபாலசாமி அறிவித்தபோது, ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்ட் மீனாட்சி கோயில் கேன்டீனில் பதினோரு பேர் இருந்தார்கள். பத்துப் பேர் சிரித்தார்கள். பிச்சுமணிக்குப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஹூஸ்டன் ஃப்ரீவேயில் பாதியைத் தனி ஆளாகப் போட்டவர் கோபாலசாமி. அவர் சொல்லித்தான் ஊருக்கே தெரியும். புயல் வெள்ளத்தில் காரோடு மூன்று மைல் மிதந்துபோனவர். அப்போதும் ரெட் சிக்னலில் நின்றுதான் போனாராம். ரிட்டயரான பிறகு பொழுது நிறைய இருந்ததால் மைல்கள் வருஷத்துக்கு ஒன்றாகக் கூடின.

ஆனால் தயிர்சாதம் மட்டும் சத்தியம்.

சிரிக்காத பதினோராவது ஆள் திருமூர்த்தி. முப்பது வருஷ சிநேகிதர். அதைவிட முக்கியம், அந்தக் கூட்டத்தில் அவர்தான் ஒரே சாட்சி.

"ஏப்பா திருமூர்த்தி, நீயே சொல்லு. நீ பக்கத்துலதான நின்ன?"

திருமூர்த்தி இட்லியை நிதானமாக மென்று முடித்தார். "நின்னேன். பந்து புல்லுல விழுந்துச்சு. தயிர்சாதமெல்லாம் ஒண்ணும் இல்ல."

"ஊறுகா மேல விழுந்திருந்தா அவன் இன்னும் பெரிய கப்பு வாங்கியிருப்பான், கோபாலு!" என்றார் பிச்சுமணி. மறுபடி சிரிப்பு. கோபாலசாமியும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார்.

நடந்தது இதுதான். போன வருஷம் ஹூஸ்டனில் நடந்த கோல்ஃப் போட்டியில் திருமூர்த்தி வாலன்டியர். பதினேழாவது குழியருகே நின்று, "அமைதி" என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடிக்கும் உத்தியோகம். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுவரக் கூடாது. கோபாலசாமிக்கோ சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அங்கே விற்கும் பர்கர் ஆகாது. மனைவி வள்ளி கட்டிக்கொடுத்த தயிர்சாத டப்பாவைத் திருமூர்த்திதான் தன் வாலன்டியர் பைக்குள் ஒளித்து எடுத்துவந்தார்.

ஏரிக்கரைச் சரிவில் கோபாலசாமி நாற்காலி போட்டு, டப்பாவை மடியில் திறந்து, இரண்டு கவளம் உருட்டி விழுங்கியிருப்பார். லூசியன் மொர்வான் என்ற பிரெஞ்சுக்காரன் அடித்த பந்து நேரே ஏரிக்குப் போக வேண்டியது. டொப்பென்று தயிர்சாதத்தில் வந்து புதைந்துகொண்டது.

வேறு யாராக இருந்தாலும் கையைக் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். கோபாலசாமிக்குப் பட்டென்று தோன்றியது ஒன்றுதான்: ஐயோ, எச்சில் சாதம்! வந்த மனுஷனிடம் எச்சில் பந்தையா நீட்டுவது? பந்தை எடுத்து, பாட்டில் தண்ணீர் விட்டு மூன்று தடவை கழுவி, வேட்டியில்லாத குறைக்குச் சட்டை நுனியில் துடைத்து, ஆரத்தித் தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

ஓடிவந்த நடுவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பந்து எங்கே கிடந்தது என்று கேட்டார். திருமூர்த்திதான் டப்பாவைக் காட்டினார். அப்படியானால் தண்டனை இல்லை, அதே இடத்தில் பந்தைப் போட்டு ஆடலாம் என்றார் நடுவர். மொர்வான் ஆடினான். ஒரே ஒரு அடி வித்தியாசத்தில், போட்டியிலிருந்து கழிபடாமல் அந்த வாரம் தப்பினான். தப்பாவிட்டால் கோல்ஃபை விட்டுவிட்டு ஊரில் அண்ணனுடைய செருப்புக் கடைக்குப் போவதாக இருந்தானாம். இந்த வருஷம் பெரிய கோப்பையே வாங்கிவிட்டான். டி.வி.யில் கேட்டபோது, "ஹூஸ்டனில் கொஞ்சம் அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான்.

அதுகூடப் பரவாயில்லை. வெள்ளைக்காரனுக்குத் தயிர்சாதத்தின் பெயர் தெரியாது. திருமூர்த்திக்குத் தெரியுமே!

கோயில் பார்க்கிங்கில் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார் கோபாலசாமி. "ஏனப்பா இல்லைன்னு சொன்ன?"

"எனக்கு இந்த வருஷம் அந்தக் குழி வாலன்டியர்களுக்கெல்லாம் கேப்டன் போஸ்ட் குடுத்திருக்காங்க. சாப்பாட்ட உள்ள கொண்டுபோனதே நான்தான்னு வெளிய தெரிஞ்சா அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிருவாங்க." திருமூர்த்தி சாவியைத் திருப்பினார். "உனக்கு என்னப்பா நஷ்டம்? நீ சொன்ன நூறு பொய்யோட நூத்தியொண்ணுன்னு நெனச்சுட்டுப் போறாங்க."

அந்த வார்த்தை கோபாலசாமியோடு வீடுவரை வந்தது. காரில் பெல்ட் போட்டுக்கொண்டு பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வந்தது.

நான்காம் நாள் வள்ளி நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "ஏனுங்க, ஒடம்புக்கு என்னங்க? நாலு நாளா வாயில ஒரு பொய் வரலியே!"

இனி ஒரே வழிதான். மொர்வானே வந்து சொல்ல வேண்டும். போட்டி மறுபடி ஹூஸ்டனுக்கு வந்ததும் கோபாலசாமி விடியற்காலையிலேயே போய்ப் பதினேழாவது குழிக்குப் பக்கத்தில் கயிற்றை ஒட்டி நின்றுகொண்டார். அவன் சொல்லிவிட்டால் திருமூர்த்தியின் சாட்சி எதற்கு?

மொர்வான் வந்தான். கோபாலசாமி கையை ஆட்டினார். "சார்! கர்ட் ரைஸ்! லாஸ்ட் இயர்! யுவர் பால், மை ரைஸ்!"

மொர்வான் அவரைப் பார்த்தான். போன வருஷம் அவன் பந்தைப் பார்த்தானே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. அழகாகச் சிரித்தான். அவர் தலையிலிருந்த தொப்பியை எடுத்து, கையெழுத்துப் போட்டு, திரும்ப வைத்துவிட்டு நடந்தான்.

"நோ, நோ சார்!" கோபாலசாமி தன்னையறியாமல் கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே காலை வைத்துவிட்டார். அவ்வளவுதான். வாலன்டியர்களின் தலைவி டெப்ரா ஓடிவந்து வழிமறித்தாள். போலீஸ்காரர் ஒருவர் பின்னாலேயே வந்தார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. போன மொர்வானும் நின்றான்.

குழியருகே அட்டையோடு நின்ற திருமூர்த்தியை டெப்ரா பார்த்தாள். "கேப்டன், உங்கள் ஊர்க்காரர் போலிருக்கிறதே. இவரைத் தெரியுமா? என்ன உளறுகிறார்?"

கோபாலசாமி நிமிரவில்லை. திருமூர்த்தி இதற்கும் இல்லை என்றுதான் சொல்லப்போகிறான். இன்னொரு தடவை அதைக் கேட்பதற்குப் பதில் போலீஸ்காரரோடு போய்விடலாம் என்று இருந்தது. தானாகவே வெளிப்பக்கம் திரும்பினார்.

"கோபாலு, நில்லப்பா."

திருமூர்த்தியின் கையிலிருந்த அட்டை கீழே இறங்கியது. டெப்ராவையும் மொர்வானையும் பார்த்துத் தன் கோயமுத்தூர் இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தார்: இவர் என் சிநேகிதர். சாப்பாட்டைத் திருட்டுத்தனமாக உள்ளே கொண்டுவந்தது நான். இந்த ஐயாவின் பந்து அந்தச் சாதத்துக்குள்தான் விழுந்தது. நடுவருக்குக் காட்டியதும் நான். அப்புறம் ஊரார் முன்னால் இல்லை என்று சொன்னதும் நான்.

டெப்ராவின் முகம் மாறியது. திருமூர்த்தி அதைக் கவனிக்கவில்லை. கோபாலசாமியின் முதுகைப் பார்த்துத்தான் மிச்சத்தைச் சொன்னார்.

"நடந்துச்சப்பா. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். நடந்துச்சு."