திருடன் முதலில் கொஞ்சமாகத்தான் எடுப்பான்

என் அண்ணனின் தேனிலவுக்கு நாங்கள் ஆறு பேர் போயிருந்தோம்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நான்கு டிக்கெட் எடுத்தால் இரண்டு இலவசம் என்று பயண நிறுவனத்தார் அறிவித்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகும் இரண்டே டிக்கெட் எடுப்பது ஊதாரித்தனம் என்று மாமா சொன்னார். அம்மாவின் தம்பியான அவர் கூட்டுறவுச் சங்கத்தில் காசாளராக இருந்தவர். வீட்டில் அவருக்குக் கஜானா என்று பெயர். ஆக அப்பா, அம்மா, கஜானா, நான் என்று நான்கு பேருக்குப் பணம் கட்டினோம். கணக்குப்படி பார்த்தால் அண்ணனும் அண்ணியும்தான் எங்களோடு இலவசமாக ஒட்டிக்கொண்டு வந்தவர்கள்.

சலுகையில் அறைகள் இரண்டு. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று கஜானா பிரித்தார். யாரும் வாய் திறக்க முடியாத அளவுக்கு நியாயமான பிரிவினை.

அண்ணி முகம் சுளிக்கவில்லை. விமானத்தில் அம்மாவுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார். ஜோடியாக எடுத்த படங்களில் எல்லாம் நடுவே அப்பா நின்றதையும் பொறுத்துக்கொண்டார். கடைசி நாள் காலையில், விடுதியின் சாப்பாட்டு அறையில்தான் அண்ணனிடம் மெதுவாகப் பேச்செடுத்தார். நான் பக்கத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். காதைத் திருப்பி வைத்துக்கொள்ள வழியில்லை.

"ஏரில ரெண்டு பேர் மட்டும் போற பாய்மரப் படகு ஒண்ணு இருக்கு. இன்னைக்கு அதுல நீங்களும் நானும் போறோம்."

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"கேக்க வேண்டாம். நாளைக்கு ஊருக்குப் போயிடுவோம். ஒரு மணி நேரமாவது நான் உங்களக் கட்டிக்கிட்டேன்னு எனக்குத் தெரியணும். முடியலன்னா பரவால்ல. அத்தையக் கட்டிக்கிட்டதா நெனச்சுக்கறேன். இதுவரைக்கும் அவங்களோடதான் நெறைய பேசியிருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அண்ணன்தான் வெறும் கோப்பையைத் தூக்கிக் குடித்தான்.

என் அண்ணனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்லவன். இதுவரை யாரிடமும் 'வேண்டாம்' என்று சொன்னதில்லை. கடையில் ஒரு செருப்பைக் காட்டினால் அளவு பொருந்தாவிட்டாலும் வாங்கிக்கொண்டு வருவான், கடைக்காரர் குனிந்து எடுத்துவிட்டாரே என்று.

படகுத்துறையில் ரொக்கம் மட்டும்தான் வாங்குவார்கள். எங்கள் ரொக்கம் மொத்தமும் கஜானாவின் சட்டைக்குள், வயிற்றோடு கட்டிய துணிப்பையில் இருந்தது. அந்தப் பையைத் திறப்பதற்கு முன் 'எதுக்கு?' என்று ஒரு கேள்வி வரும். பதில் சொன்னால் காசு வரும். காசோடு கஜானாவும் வருவார். அவர் வந்தால் அப்பா வருவார், அப்பா வந்தால் அம்மா வருவார், பிறகு ஏரியில் கப்பல்தான் விட வேண்டும். அண்ணியின் கார்டில் வெளிநாட்டில் பணம் எடுக்க முடியாது. கல்யாண வேலையில் அதற்கான அனுமதி வாங்க மறந்துவிட்டார். மிச்சம் இருந்தது அண்ணனின் ஏடிஎம் கார்டு ஒன்றுதான்.

மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சாய்ந்தார்கள். அண்ணி நடக்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படகுத்துறைக்குப் போய்விட்டார். அண்ணனும் நானும் சார்ஜர் வாங்கக் கிளம்பினோம். அண்ணன் தனியாகக் கிளம்பினால் யாராவது துணைக்கு வருவார்கள் என்பதால் துணையை அவனே அழைத்துப்போனான்.

ஏரிக்கரையில், ஒரு மருந்துக் கடையின் பக்கச் சுவரில் இயந்திரம் இருந்தது. கார்டை நீட்டியதும் அது விரலோடு சேர்த்து இழுத்தது. அண்ணன் விடவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"விடுறா. ஊர்ல மாதிரி சொருகி எடுக்கற மெஷின் இல்ல. உள்ள வச்சுக்கிட்டு அப்புறம் குடுக்கும்" என்றேன்.

"குடுக்கலன்னா?"

"குடுக்கலன்னா அது வேற பிரச்சினை. இப்ப விடு."

விட்டான். இயந்திரம் கேள்வி கேட்க ஆரம்பித்தது. எந்த மொழி, என்ன கணக்கு, எவ்வளவு, ரசீது வேண்டுமா. அண்ணனிடம் இத்தனை விஷயத்தில் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. பெண் பார்க்கப் போனபோதுகூட 'காபி சூடா இருக்கா?' என்று மட்டும்தான் கேட்டார்கள்.

"மொதல்ல கொஞ்சமா எடுத்துப் பாப்போம்" என்றான். "வந்தா மீதிய எடுப்போம். எதுன்னாலும் சின்னதா ஒருதடவ செஞ்சு பாக்கணும்னு அப்பா சொல்லுவாருல்ல."

எங்கள் ஊர்ப் பணத்திலேயே கணக்குப் போட்டுத் தரட்டுமா, ஆமா, இல்லையா என்று இயந்திரம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டது.

"ஆமா போடவா?"

"போடாத. அது சொல்ற ரேட்டுல அதோட கமிஷன் இருக்கும். இல்லன்னு போட்டா நம்ம பேங்க் ரேட்டுல வரும், அதான் லாபம்." கல்லூரியில் நான் கற்ற உருப்படியான விஷயம் இது. வகுப்பில் அல்ல, கேன்டீனில்.

"இல்லன்னு சொன்னா மொத்தமா தர மாட்டேன்னு கோச்சுக்குமா?"

"மெஷின்டா அது. உன் மாமியார் இல்ல."

கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை'யை அழுத்தினான். உள்ளே எதையோ எண்ணும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு நோட்டு வெளியே வந்தது. கார்டும் வந்தது. அண்ணன் அந்த நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேடையில் பரிசு வாங்கியவன் மாதிரி நின்றான்.

மறுபடி கார்டைப் போட்டு, இந்தத் தடவை படகுக்கு வேண்டிய முழுத் தொகையைத் தட்டினான். இயந்திரம் வெகுநேரம் யோசித்தது. பிறகு, உங்கள் வங்கியைத் தொடர்புகொள்ளுங்கள், கார்டை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்றது. கார்டு வரவில்லை. அண்ணன் அந்த ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தான். மெதுவாகத் தட்டினான். "ஹலோ" என்றும் ஒருமுறை சொன்னான்.

அப்போது என் கைப்பேசி அடித்தது. அப்பா. ஸ்பீக்கரில் போட்டேன்.

"சின்னவனே, எங்க இருக்க?"

"சார்ஜர் கடைலப்பா."

"பெரியவன் பக்கத்துல இருக்கானா? அவன்ட்ட சொல்லாத, பயந்துடுவான். அவன் கார்ட எவனோ அடிச்சிட்டான்."

"அப்பிடியா."

"இந்த ஊர்லயேதான். ஏரிக்கரை மெஷின்னு மெசேஜ்ல போட்டிருக்கு. மொதல்ல கொஞ்சூண்டு எடுத்துப் பாத்திருக்கான். பழகுன கை. எங்க லைன்ல இந்த மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன். மொதல்ல ஒரு பல்பு போடுவான். யாரும் கேக்கலன்னா அப்புறம் ஏசி போடுவான். நான் விடல. உடனே மெசேஜ் அனுப்பி கார்ட பிளாக் பண்ணிட்டேன். நாங்க அங்கதான் வர்றோம். நீங்களும் வந்துடுங்க."

அப்பா மின்சாரத் திருட்டைப் பிடிக்கும் பறக்கும் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு பிடிக்க ஆள் கிடைக்காமல், எங்கள் வீட்டு மீட்டரையே மாதம் இருமுறை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை அண்ணன் கல்யாணத்தில்கூட நான் கேட்டதில்லை.

அண்ணனின் கணக்கு, அவன் பள்ளிக்கூடம் முடித்ததும் அப்பா அழைத்துப்போய்த் திறந்தது. பதிவான எண் அப்பாவுடையது. அதன் பிறகு அண்ணன் படித்து, வேலைக்குப் போய், மீசை வைத்து, கல்யாணமும் செய்துகொண்டான். எண்ணை மாற்றவில்லை. மாற்றினால் அப்பா மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிட்டான். கடல் தாண்டி மெசேஜ் வராது என்று நம்பியும் விட்டான்.

படகுத்துறையிலிருந்து அண்ணி வந்தார். "இன்னும் என்ன பண்றீங்க? இன்னும் கொஞ்ச நேரத்துல படகு விடறத நிறுத்திடுவாங்களாம்."

அண்ணன் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான். அண்ணி பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க காசு எடுத்தா, கார்டு தேய்ச்சா, எல்லாமே உங்க அப்பாவுக்கு மெசேஜ் போகுமா?"

"ம்."

"அப்போ எனக்கு ரகசியமா கம்மல் வாங்கிட்டு வந்தீங்களே. நான் பெட்டியத் திறக்கறதுக்கு முன்னாடியே அவருக்கு விலை தெரியுமா?"

"கடை பேரும் தெரியும்" என்றேன் நான். உதவியாக இருக்கட்டும் என்று.

அண்ணி மருந்துக் கடை வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். "சரி. திருடன் எப்பிடி இருப்பான்னு எனக்கும் பாக்கணும் போல இருக்கு. வரட்டும் எல்லாரும்."

வந்தார்கள். அப்பா முன்னால். பின்னால் கஜானா, திருடன் நடமாடும் ஊர் என்பதால் வயிற்றை இரண்டு கையாலும் அணைத்தபடி. கடைசியில் அம்மா, தூக்கம் கலைந்த எரிச்சலோடு.

அப்பா எங்களைக் கவனிக்கவே இல்லை. இயந்திரத்தின் பக்கவாட்டில் தட்டினார். கார்டு போடும் வாயை நகத்தால் கீறிப் பார்த்தார். சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு கண்ணை வைத்தார்.

"வெளிய வயர் எதுவும் இல்ல. உள்ளாள் வேலை" என்று முடிவு சொன்னார். பிறகுதான் அண்ணனிடம் திரும்பினார். "நீங்க வந்தப்போ இங்க யாராவது நின்னானா?"

அண்ணன் வாயைத் திறந்தான். அதில் என்ன வரும் என்று எனக்கு நம்பிக்கையில்லாததால் நான் முந்திக்கொண்டேன்.

"ஒருத்தன் அவசரமாப் போனாம்ப்பா. நீலத் தொப்பி."

ஏன் நீலம் என்று பிறகு யோசித்தேன். பொய் சொல்லும்போது வாய் புதிதாக எதையும் செய்வதில்லை, கண் முன்னால் இருப்பதை எடுத்துக்கொள்கிறது. என் கண் முன்னால் படகுத்துறை இருந்தது. அங்கே படகோட்டி, நீலத் தொப்பி போட்டுக்கொண்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அப்பாவும் அதே திசையில் பார்த்தார்.

"கஜானா, நீ அந்தப் பக்கமா வந்து மடக்கு."

"நானா? பை இருக்கே அத்தான். அவன் என்னை மடக்கினா?"

அப்பா தனியாகவே போனார். படகோட்டி அவரைப் பார்த்துப் புன்னகைத்து, இரண்டு பேரா என்று கேட்பதற்காக இரண்டு விரலைக் காட்டினார்.

"பாத்தீங்களா" என்று அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு தடவ முயற்சி பண்ணத அவனே ஒத்துக்கறான்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி அவனைப் பார்க்கவில்லை, ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் நடந்துபோய் அப்பாவுக்கும் படகோட்டிக்கும் நடுவே நின்றான்.

"அப்பா, அது நான்."

"எது நீ?"

"திருடன். நான்தான் எடுத்தேன். என் காசு. இந்தப் படகுக்கு." மூச்சு வாங்கிக்கொண்டான். "நானும் அவளும் மட்டும் போகணும். நீங்க யாரும் வர வேண்டாம்."

கடைசிச் சொல் அவன் வாய்க்குப் புதிது. ஆனாலும் அது வெளியே வந்துவிட்டது, எல்லோருக்கும் கேட்டும்விட்டது.

"ஏண்டா, நாங்க வந்து என்ன பண்ணிடப் போறோம்?" என்றார் அம்மா.

"ஒண்ணும் பண்ண மாட்டீங்கம்மா. கூட இருப்பீங்க. அதான்."

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். "அப்போ திருட்டே நடக்கலையா?"

"இல்லப்பா."

"நான் பிளாக் பண்ணது வீணா?"

"வீணெல்லாம் இல்ல. ரெண்டாவது நோட்டு வெளிய வரல. அவ்ளோ வேகம்."

அப்பா முகம் ஓரளவு தெளிந்தது. அண்ணன் கஜானாவிடம் திரும்பிக் கையை நீட்டினான். "மாமா, காசு குடுங்க."

"எதுக்கு?" என்றார் கஜானா. பழக்கம்.

"எதுக்குன்னு கேக்காம குடுங்க."

கஜானா அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். "குடுடா" என்றார் அம்மா. கஜானா எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சட்டையைத் தூக்கி, ஜிப்பைத் திறந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அண்ணி பெஞ்சிலிருந்து எழுந்தார்.

படகில் ஏறுவதற்குள் அப்பா இருவரின் மிதவைச் சட்டைகளையும் கொக்கி கொக்கியாக இழுத்துச் சோதித்தார். கஜானா படகோட்டியிடம் சைகையில் ரசீது கேட்டார். பாய்மரம் விரியும்போது அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஊருக்குப் போனதும் பேங்க்ல உன் நம்பரக் குடுத்துடு."

"சரிப்பா."

"ரெண்டு நம்பர்கூட குடுக்கலாமாம். ரெண்டுக்கும் மெசேஜ் வருமாம்."

"ஒண்ணு போதும்ப்பா."

அண்ணி சத்தமாகச் சிரித்தது கரைவரை கேட்டது. படகு நகர்ந்தது. இந்த முறை எங்கள் யாரையும் நடுவில் நிறுத்தாமல், அண்ணி கைப்பேசியை நீட்டித் தானே ஒரு படம் எடுத்துக்கொண்டார். அண்ணன் எங்களுக்குக் கைகாட்ட மறந்துவிட்டான்.

பக்கத்தில் இன்னொரு படகு கட்டிக் கிடந்தது, அதன் படகோட்டி பின்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது போகுமான்னு கேளுங்க."

"அவங்கதான் வர வேண்டாங்கறாங்களே" என்றார் அப்பா.

"அவங்ககூட யாரு போறா? இது இன்னொரு பக்கம் போகட்டும்."

"ரெண்டு பேர்தான் உக்கார முடியும்."

"தெரியும்."

"எந்த ரெண்டு பேரு?"

அம்மா புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படகுத்துறைப் படிகளில் இறங்க ஆரம்பித்தார். சர்வீஸ் முழுக்கத் திருட்டுக் கண்டுபிடித்தவர் அப்பா. இதைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு காதெல்லாம் சிவந்து, கஜானாவிடம் கையை நீட்டிக் காசை வாங்கிக்கொண்டு, மிதவைச் சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு ஓடினார்.

நானும் கஜானாவும் கரையில் நின்றோம். தேனிலவுக்கு வந்த ஆறு பேரில் எங்கள் இருவருக்குத்தான் அது கிடைக்கவில்லை.