ஐம்பது ஆண்டு அலையும் அரை லிட்டர் தண்ணீரும்

உலகப் பொருளாதாரம் ஒருமுறை மூச்சை இழுத்து விட ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த மூச்சைச் சரியாகக் கணித்தவர்கள் இதுவரை மூன்றே பேர். இருவர் இறந்துவிட்டார்கள். மூன்றாமவன் ஓக்னியான், பல்கேரியாவில், டான்யூப் கரையில், அம்மா வீட்டு மூன்றாம் மாடியில் இருந்தான். அந்த ஐம்பது ஆண்டு அலையைப் பற்றிய அவன் ஆய்வேடு இன்னும் முடியவில்லை. அலையே முடியாதபோது ஆய்வேட்டுக்கு என்ன அவசரம் என்பது அவன் கட்சி.

ஊரின் தையல் ஆலை மூடிய வாரம், அங்கே வேலை பார்த்த அவன் காதலி நேவெனா காப்பிக்கடையில் கேட்டாள்: "வியன்னாவுல ஒரு முதியோர் இல்லத்துல வேலைக்குக் கூப்பிடுறாங்க. போகட்டுமா, இருக்கட்டுமா?"

ஓக்னியான் கை துடைக்கும் தாளில் ஓர் அலை வரைந்தான். "நாம இப்ப இந்த அடிப்பள்ளத்துல இருக்கோம். இன்னும் ஏழெட்டு வருஷத்துல மேல ஏறும். போனவங்க எல்லாம் தானா திரும்பிடுவாங்க."

"நான் உலகத்தைக் கேக்கல, பேராசிரியரே. உன்னைக் கேட்டேன்."

"தனி மனுஷங்களை அலை கணிக்காது," என்றான், முழு நேர்மையோடு.

அவள் அந்தத் தாளிலேயே வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

'இரு' என்பது இரண்டெழுத்து. அது அவன் வாய்க்கு வந்தபோது அவள் டிக்கெட் எடுத்தாயிற்று.

ஊரை விட்டுப் போகிறவர் பின்னால் தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம். போகிற காரியம் தண்ணீர் மாதிரி தடையில்லாமல் ஓட வேண்டுமாம். நேவெனாவின் அண்ணன் ஸ்பெயினுக்குப் போனபோது அவள் அம்மா ஸ்தொயாங்கா ஒரு செம்பு நிறைய ஊற்றினாள். அவன் திரும்பவே இல்லை. "ஓடட்டும்னு ஊத்துனீங்க அத்தை, ஓடிக்கிட்டே இருக்கான்," என்று ஓக்னியான் ஒருநாள் விருந்தில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஸ்தொயாங்கா சிரிக்கவில்லை.

நேவெனா கிளம்பிய அன்று பேருந்து நிலையத்தில் ஸ்தொயாங்கா வெறுங்கையோடு நின்றாள்.

"தண்ணி எங்க அத்தை?"

"நீதானேப்பா சிரிச்ச. இவ பின்னாலயும் சிரிப்பியோன்னு விட்டுட்டேன்."

நேவெனா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "அலை ஏறினா சொல்லி அனுப்பு."

"சரி," என்றான். வேறு எதுவோ சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

பேருந்து கிளம்பியது. ஸ்தொயாங்கா முகத்தைத் துடைத்தபடி நடந்துவிட்டாள். வழிப்பயணத்துக்கென்று நேவெனாவுக்கு வாங்கிய தண்ணீர் பாட்டில் இன்னும் அவன் கையிலேயே இருந்தது.

இரண்டு பக்கமும் பார்த்தான். யாருமில்லை. மூடியைத் திருகி, சாலையில் இறங்கி, கடைசிச் சொட்டு வரை ஊற்றினான். பேருந்து போன பக்கம் பள்ளம், தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடியது.